ஏழு மணிக்குள் வரும் படம்

எங்கள் சொந்தத்தில் யாராவது புதுக் கைப்பேசி வாங்கப் போகிறார்கள் என்றால் முதலில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். பூச்சோங்கில் இருக்கும் மைத்துனர் கடை வாசலில் நின்றுகொண்டே கூப்பிடுவார். காஜாங்கில் இருக்கும் சித்தி மகள், போனை விற்பனைப் பெண்ணிடமே கொடுத்து என்னோடு பேசச் சொல்லிவிடுவாள். இத்தனைக்கும் நான் லிஃப்ட் பராமரிக்கும் நிறுவனமொன்றில் மேற்பார்வையாளன். முப்பது வருடமாக அடுக்குமாடிக் கட்டடங்களின் உச்சியில் கிரீஸ் வாசத்துக்கு நடுவே நின்று வேலை பார்ப்பவன். கைப்பேசிக்கும் எனக்கும் தொழில்முறையில் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் எந்தப் புது மாடல் வந்தாலும் அதைப் பற்றி எனக்கு ஓர் அபிப்பிராயம் இருக்கும். கேட்காதவர்களுக்கும் சொல்வேன். இந்தப் பழக்கத்துக்கு என் மனைவி வைத்திருக்கும் பெயரை இங்கே எழுத முடியாது.

முதுகில் நான்கு கேமரா வைத்த கைப்பேசி வந்தபோது, வாழையிலைச் சாப்பாட்டைப் படம் எடுக்க இத்தனை கண் எதற்கு என்று கேட்டேன். விரல் ரேகை பார்த்துத் திறக்கும் வசதியை ஆரம்பத்திலிருந்தே எனக்குப் பிடிக்காது. கிரீஸ் படிந்த என் விரலை அது ஒருநாளும் என் விரல் என்று ஒப்புக்கொண்டதில்லை. முகத்தைப் பார்த்துத் திறக்கும் வசதி வந்தபோது என்னைவிட மகிழ்ந்தவர் பிரிக்பீல்ட்ஸில் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். மடக்கும் கைப்பேசியைக் கொஞ்ச காலம் கேலி பேசிவிட்டு, ஒருநாள் கடையில் ஒன்றைக் கையில் வாங்கி மடக்கிப் பார்த்தபின் வாயை மூடிக்கொண்டேன். அந்த மடிப்பு மூடும் சத்தத்துக்காகவே வாங்கலாம்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது, குடும்பக் குழுவில் வந்து குவியும் செய்திகளைக் கைப்பேசியே படித்துச் சுருக்கித் தரும் வசதி. எங்கள் குழுவில் ஒரு கல்யாண மண்டபத்தை நிரப்பும் அளவுக்கு ஆட்கள். முன்பெல்லாம் வேலை முடிந்து பார்த்தால் விரல் தேயத் தேயத் தள்ள வேண்டும். இப்போது மூன்று வரியில் வந்துவிடும். ஒருவருக்குப் பிறந்தநாள், ஒருவர் முறுக்கு விற்கிறார், இரண்டு பேருக்குள் மனஸ்தாபம். இவ்வளவுதான். மிச்ச நேரம் எனக்கு. அந்த மிச்ச நேரத்தில் நான் என்ன செய்தேன் என்றால், அடுத்த மாடல் கைப்பேசியைப் பற்றிய காணொளிகளைப் பார்த்தேன்.

இப்படிப்பட்ட எனக்கு ஓர் அக்கா. என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். கிள்ளானில் ஒரு தாமான் குடியிருப்பில், கடைசி வரிசை வீட்டில் இருக்கிறாள். பிள்ளைகள் இல்லை. அத்தான் தவறியபின் எங்களோடு வந்து இருக்கச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்தோம். பிரிக்பீல்ட்ஸ் ஃபிளாட்டில் துணி காயப்போட இடமில்லை என்று ஒரே காரணத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லி மறுத்துவிட்டாள். அவள் ஒன்றைப் பிடித்தால் பிடித்ததுதான். கடைசியில் நாங்கள் இருவரும் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம்.

அக்காவுக்குக் காலையில் சாமி படம் அனுப்பும் பழக்கம் உண்டு. எங்கள் ஆட்களில் யாருக்குத்தான் இல்லை? திங்கட்கிழமை சிவன், செவ்வாய் முருகன், வெள்ளி அம்மன், சனிக்கிழமை பெருமாள் என்று கிழமை தவறாமல் வரும். ஓரத்தில் ஒரு ரோஜாப்பூவும் ‘காலை வணக்கம்’ என்ற எழுத்தும் மின்னும். அந்தப் படத்தையே அடையாளமாக வைத்துக்கொள்வோம் என்றேன். ஏழு மணிக்குள் படம் வந்தால் அவள் நன்றாக இருக்கிறாள். வராவிட்டால் நான் எதையும் யோசிக்காமல் கிளம்பி வந்துவிடுவேன். அவளுக்கும் இது பிடித்திருந்தது. தினமும் கூப்பிட்டு விசாரித்தால் கிழவியாக்கிவிட்டதாகக் கோபித்துக்கொள்வாள். இதில் அந்தத் தொல்லை இல்லை.

ஒரு தடவை உண்மையாகவே படம் வரவில்லை. ஏழு ஐந்துக்கு நான் கார் சாவியை எடுத்துவிட்டேன். போய்ச் சேர்ந்தபோது அவள் அடுப்படியில் நின்று சாவகாசமாகக் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். ராத்திரி சார்ஜ் போட மறந்துவிட்டாளாம். என் சட்டையைப் பார்த்துவிட்டு அடக்க முடியாமல் சிரித்தாள். உள்பக்கம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். அந்தக் கதையை ஒரு வருடம் சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் சொன்னாள். சொல்லி முடிக்கும்போதெல்லாம், என் தம்பி வந்துடுவான், என்று சேர்த்துக்கொள்வாள். நானும் பக்கத்தில் நின்று பெருமையாகக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

பிறகு அவளுக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை நடந்தது. அதே மாதம் கைப்பேசியும் துணி ஊறவைத்த வாளிக்குள் விழுந்தது. நான் சும்மா இருப்பேனா? இனி கைப்பேசியே வேண்டாம் என்று தீர்ப்பு சொல்லி, சிம் கார்டு போடக்கூடிய பெரிய டேப்லெட் ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். பெரிய எழுத்து, பெரிய படம், அதிலேயே பேசலாம். அவள் அதை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்துவிட்டு, ரொட்டி சானாய் சுடும் தட்டுபோல் இருக்கிறதே, இதைத் தூக்கிக்கொண்டு எப்படிக் கடைக்குப் போவது என்று கேட்டாள். கடைக்கு எதற்குத் தூக்கிப் போக வேண்டும் என்று நான் அடக்கிவிட்டேன்.

கண் தெளிவாகும்வரை காலையில் படம் தேடி எடுப்பது அவளுக்குச் சிரமமாக இருந்தது. அதற்கும் என்னிடம் வழி இருந்தது. செய்தியை முன்கூட்டியே தயார்செய்து, இந்த நாள் இந்த மணிக்குப் போக வேண்டும் என்று நேரம் குறித்து வைத்துவிடும் சேவை ஒன்று புதிதாக வந்திருந்தது. நான் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கிள்ளானுக்குப் போவேன். இருவரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அந்த வாரத்துக்கான ஏழு படங்களைத் தேர்ந்தெடுப்போம். சுலபமான காரியமில்லை. இந்த முருகன் முறைக்கிறார், வேண்டாம் என்பாள். இந்த அம்மனுக்குப் புடவை நிறம் எடுபடவில்லை என்பாள். ஏழு படம் முடிவாவதற்குள் மத்தியானச் சாப்பாடு தயாராகிவிடும். தினமும் காலை ஆறரைக்குப் படம் தானாகப் போய்விடும்.

சில மாதங்களில் அந்தச் சேவையின் புதுப் பதிப்பு வந்தது. ஒரு மாதத்துக்கான செய்திகளை ஒரேயடியாகக் குறித்து வைக்கலாம். நான் அதை அக்காவிடம் நல்ல செய்திபோலச் சொன்னேன். இனிமேல் மாதத்துக்கு ஒருதடவை செய்தால் போதும், வாராவாரம் இதற்காக மெனக்கெட வேண்டாம் என்றேன். அவள் டேப்லெட்டை மேசை ஓரமாகத் தள்ளி வைத்தாள். அப்படியா, நல்லதுதான் என்றாள். அன்றைக்குக் கோழிக் கறியை வழக்கத்தைவிட அதிகமாகப் போட்டுக் கொடுத்தனுப்பினாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கறி ருசியாக இருந்தது, அவ்வளவுதான்.

என் பக்கத்தில் நான் செய்ததையும் சொல்லிவிட வேண்டும். அக்கா படம் அனுப்பினால் நான் பதில் போட வேண்டும். போடாவிட்டால் முகம் தூக்கிக்கொள்வாள். காலையில் லிஃப்ட் நின்றுவிட்டது என்று யாராவது கத்திக்கொண்டிருக்கும்போது இது மறந்துபோகும். அதனால் அவளிடமிருந்து காலையில் செய்தி வந்தால் என் கைப்பேசியே பதில் அனுப்பும்படி அமைத்து வைத்தேன். ‘காலை வணக்கம் அக்கா. நான் நலம். நீங்கள் நலமா?’ வாசகத்தைக்கூடக் கைப்பேசிதான் பரிந்துரைத்தது. உடனே போனால் சந்தேகம் வரும் என்று ஒரு நிமிடம் கழித்துப் போகும்படி வைத்தேன். இதைச் செய்து முடித்த அன்று என் கெட்டிக்காரத்தனத்தை நினைத்து எனக்கு அப்படியொரு திருப்தி.

அக்காவும் ஒருமுறை கேட்டாள், ஏன் திடீரென்று மரியாதையெல்லாம் கொடுக்கிறாய் என்று. பிறந்ததிலிருந்து அவளை நான் நீ, வா, போ என்றுதான் பேசியிருக்கிறேன். வயதாகிறதல்லவா என்று சொல்லிச் சமாளித்தேன்.

நான்கு மாதம் இப்படியே ஓடியது. நான் கிள்ளானுக்குப் போவதும் மாதத்துக்கு ஒருதடவை என்றாகிவிட்டது. ஒரு வியாழக்கிழமை மத்தியானம், பிரிக்பீல்ட்ஸ் கடையொன்றில் சாப்பிட உட்கார்ந்திருந்தேன். இலையில் சோறு விழுந்தபோது அக்காவிடமிருந்து வீடியோ அழைப்பு வந்தது. அவள் அந்த நேரத்தில் கூப்பிடுவதே இல்லை. எடுத்தேன். முதலில் சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு மின்விசிறி தெரிந்தது. பிறகு பச்சைத் திரைச்சீலை. அப்புறம் அக்காவின் முகம். உதடு வெடித்திருந்தது.

“தம்பி, சாப்டியா?”

சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன், நீ எங்கே இருக்கிறாய் என்றேன்.

“ஆஸ்பத்திரியிலதான். செவ்வாக்கெழமையில இருந்து இங்கதான் இருக்கேன்.”

அதற்கு நான் சொன்ன பதிலை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

“இன்னைக்குக்கூட காலையில படம் வந்துச்சேக்கா?”

நாங்கள் மக்சிக் என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு மலாய் அம்மா டேப்லெட்டை வாங்கிக்கொண்டு, மலாயில் நடந்ததைச் சொன்னார். அந்த அம்மா பாசார் சந்தையில் நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோறு, விற்பவர். செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் கடை போடக் கிளம்பும்போது, அக்கா வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறார். உடம்பு அனலாகக் கொதித்ததாம். தன் வேனிலேயே ஏற்றிக்கொண்டு அரசாங்க மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். கொசுவால் வரும் டிங்கிக் காய்ச்சல். அந்த அவசரத்தில் அவ்வளவு பெரிய டேப்லெட்டை யார் எடுப்பார்கள்? அது சாப்பாட்டு மேசையில் சார்ஜரில் கிடந்தது. அன்றைக்குக் காலை ஆறரைக்கு, ஆளில்லாத வீட்டிலிருந்து எனக்கு முருகன் படம் வந்தது. ஒரு நிமிடம் கழித்து நான் நலம் விசாரித்தேன்.

சோற்றை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினேன். அன்றைக்கு என் கார் பட்டறையில் இருந்தது. சென்ட்ரலில் கொமுட்டர் ரயில் ஏறினேன். உட்கார இடம் கிடைத்ததும் கைப்பேசியைத் திறந்து, அந்த மூன்று நாள் செய்திகளையும் முதல் தடவையாக முழுதாகப் பார்த்தேன். முருகன், பெருமாள், தட்சிணாமூர்த்தி. ஒவ்வொன்றுக்கும் கீழே, நீங்கள் நலமா, நீங்கள் நலமா, நீங்கள் நலமா. புதன்கிழமை என் அக்கா ஊசி குத்திய கையோடு கிடந்த நேரத்தில் நான் ஒரு பேரங்காடியில் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். மூன்றாக மடியும் கைப்பேசி ஒன்று வந்திருந்தது. அதைத் தொட்டுப் பார்க்க.

என் தொழிலில் ஒரு விதி இருக்கிறது. லிஃப்டுக்குள் அவசர மணிப் பொத்தான் இருக்குமே, அதை மாதாமாதம் அழுத்திப் பார்க்க வேண்டும். மணி அடிக்கிறதா என்று பார்ப்பதற்காக மட்டுமில்லை. அந்தப் பக்கம் ஓர் ஆள் எடுத்துப் பேசுகிறாரா என்று பார்க்க வேண்டும். மணி மட்டும் அடித்தால் அந்த லிஃப்டில் நான் கையெழுத்துப் போட மாட்டேன். இதற்காக எத்தனையோ காவலாளிகளைத் திட்டியிருக்கிறேன். உள்ளே மாட்டிக்கொண்டவர் யாராவது வருவார்கள் என்று நம்பி நின்றுகொண்டிருப்பாரே, அறிவில்லையா என்று கத்தியிருக்கிறேன். சுபாங் ஜெயா தாண்டும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. எதிரே நின்ற கல்லூரிப் பெண் நாகரிகமாகத் தன் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டாள்.

வார்டு வாசலில் நர்ஸ் உடையில் இருந்த மிஸ்ஸி தமிழ்ப் பிள்ளை. கட்டில் எண்ணைச் சொன்னதும் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“அங்கிள், நீங்கதானா அந்தத் தம்பி? யாருக்காச்சும் சொல்லணுமா ஆன்டின்னு நான் அன்னைக்கே கேட்டேன். வேணாம், என் தம்பி தானா வந்துடுவான்னு சொல்லிட்டாங்க. ரெண்டு நாளா வாசலத்தான் பாத்துட்டு இருந்தாங்க.”

அவள் குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைத்தான் சொன்னாள். நான் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனேன்.

அக்கா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். காய்ச்சல் இறங்கிவிட்டது, ரத்த அணுக்கள் ஏறத் தொடங்கிவிட்டன, சனிக்கிழமை வீட்டுக்கு விட்டுவிடுவார்கள் என்று அவளே டாக்டர்போலச் சொன்னாள். கைகள் மெலிந்திருந்தன, தூக்கினால் வளையல் முழங்கை வரை இறங்கியது. நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பதில் போட்டது நானில்லை, நான்கு மாதமாகவே நானில்லை என்று சொன்னேன். ஒரு நிமிடம் தாமதமாகப் போகும்படி வைத்ததைக்கூட மறைக்கவில்லை.

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை. தினமும் ஆறரைக்கு டேப்லெட் முன்னால் வந்து உட்கார்ந்து, படம் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பாளாம். பார்த்துப் பார்த்து, தான் அனுப்புவதுபோலவே மனதில் பதிந்துவிட்டதாம். ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது அது தானாகப் போய்க்கொண்டிருக்கும் என்பது ஞாபகத்துக்கே வரவில்லை. தான் அனுப்பவில்லை, அதனால் தம்பி புறப்பட்டிருப்பான் என்றுதான் கணக்குப் போட்டிருக்கிறாள். மூன்றாம் நாளும் நான் வராமல் போகவே, எனக்குத்தான் என்னவோ ஆகிவிட்டது என்று பயந்து, மக்சிக்கை அனுப்பி டேப்லெட்டை எடுத்துவரச் சொல்லியிருக்கிறாள்.

“நீ ஒரே நிமிசத்துல பதில் போடுவியா, நானும் நெனச்சுக்குவேன். பாவம், வேலைக்குக் கெளம்புற நேரத்துல என் படத்துக்காக போனையே பாத்துட்டு ஒக்காந்திருக்கான்னு. அதப் பாத்துட்டுத்தான் நான் காப்பி போடுவேன்.”

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். என் அக்கா அழுது நான் பார்த்தது அத்தான் போன அன்றைக்குத்தான். அன்றைக்கும் அவள் முகத்தைக் காட்டவில்லை. நான் அவள் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மன்னித்துக்கொள் என்று சொன்னேனா, மனதில் நினைத்ததோடு சரியா என்று இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

பிறகு அவளே பேச்சை மாற்றினாள். முந்தின ராத்திரி பயம் வந்து, அப்போது வேலையில் இருந்த வேறொரு மிஸ்ஸியிடம் ஒரு நம்பர் கொடுத்ததாகச் சொன்னாள். மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர் அதுதானாம். மிஸ்ஸி அடித்துப் பார்த்துவிட்டு, இப்படியொரு நம்பரே இல்லை என்று சொல்லிவிட்டாளாம். அக்கா அந்த எண்களைச் சொல்லத் தொடங்கியதுமே நானும் சேர்ந்து சொல்லி முடித்தேன். அப்பா வேலையில் இருந்தபோது எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பக்கத்திலிருந்த கடையின் நம்பர். அந்தக் கடையும் இல்லை, குவார்ட்டர்ஸும் இல்லை. இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்துக் கட்டில் சீனக் கிழவி எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

நான் அங்கேயே என் கைப்பேசியில் அந்தப் பதிலை அழித்தேன். டேப்லெட்டை வாங்கி, அந்த மாதத்துக்கு மிச்சமிருந்த படங்களையும் ஒவ்வொன்றாக அழித்தேன். வெள்ளிக்கிழமை அம்மனை அழிக்கும்போது மட்டும், அது நல்ல படம்டா, நாளைக்கு நானே அனுப்புறேன் என்று சொல்லித் தடுத்தாள். பிறகு என் நம்பரைச் சொல்லச் சொன்னாள். மனப்பாடம் செய்யப் போகிறாளாம். மூன்று, மூன்று, நான்கு என்று பிரித்துச் சொன்னேன். கண்ணை மூடி, பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்வதுபோல் திருப்பிச் சொன்னாள். அரைமணி நேரத்தில் தவறில்லாமல் வந்துவிட்டது.

“இப்ப நீ என் நம்பரச் சொல்லு.”

என் கை சட்டைப் பையை நோக்கிப் போனது. அவள் ஊசி குத்தாத கையால் அதைப் பிடித்துக்கொண்டாள்.

“அதப் பாக்காம சொல்லு லா.”

எனக்குத் தெரியவில்லை. எந்தக் கைப்பேசியில் எத்தனை கேமரா என்று தெரியும். நான் பார்க்கும் கட்டடங்களில் எந்த லிஃப்ட் எத்தனை பேரைத் தாங்கும் என்று தெரியும். அக்காவின் நம்பரில் முதல் மூன்று எண்களுக்கு மேல் எனக்கு ஒன்றுமே வரவில்லை. கடைசி நான்கு எண் எதில் தொடங்கும் என்றுகூடத் தெரியவில்லை.

அவள் கையை விடாமல், ஒவ்வொரு எண்ணாக நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். நான் பின்னாலேயே சொன்னேன். இரண்டு இடத்தில் தடுமாறினேன், திருத்தினாள். வெளியே பார்வையாளர்கள் கிளம்பத் தொடங்கியிருந்தார்கள். இன்னொரு தடவை முதலிலிருந்து சொல்லு என்று சொல்லிவிட்டுத் தலையணையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். நான் மெதுவாகச் சொல்லிக்கொண்டு போனேன். பாதிக்கு மேல் போனபோது அவள் பிடி தளர்ந்தது, மூச்சு சீராக வரத் தொடங்கியது. தூங்கிவிட்டாள். கையை எடுக்காமல் மிச்ச எண்களையும் அவள் காதுக்குப் பக்கத்தில் சொல்லி முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.